முதலில் சொல், அப்புறம் அழுத்து: பிள்ளைகளுக்குத் தர்க்கம் பழக்கத் தொடங்குபவர்களுக்கு

"பையனுக்கு லாஜிக்கா யோசிக்க வரணும், நல்ல ஆப் ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை கிடக்கிறதா என்றுதான். ஆப் எல்லாம் அப்புறம். பத்திரிகையும் கத்தரிக்கோலும் இருந்தால் இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம், கணினியே வேண்டாம். கணினிக்குப் போகும்போதும் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை, இங்கே நான் சொல்லப்போகிற மென்பொருள் எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள். விளம்பரம் வராது, "அடுத்த லெவலுக்கு 199 ரூபாய்" என்று குறுக்கே வந்து நிற்காது, பெரும்பாலானவற்றை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும், பென் டிரைவில் போட்டு பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

எதைப் பயன்படுத்தினாலும் ஒரு விதியை மட்டும் விடாதீர்கள். பிள்ளை எதையும் அழுத்துவதற்கு முன், திருப்புவதற்கு முன், என்ன நடக்கும் என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னபடி நடந்தால் சரி, அடுத்தது. நடக்கவில்லையா, அங்கேதான் பாடமே இருக்கிறது, எங்கே பிசகியது என்று அவர்களே தேடட்டும். இந்த விதி இல்லாவிட்டால் உலகத்தின் மிகச் சிறந்த கல்வி மென்பொருளும் தட்டித் தட்டிப் பார்க்கும் விளையாட்டாகிவிடும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். யோசிப்பதைவிடப் பத்து முறை தட்டுவது சுலபம் என்றால் தட்டத்தான் செய்வார்கள், நாமும் அப்படித்தானே.

அட்டையில் ஆரம்பியுங்கள்

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் 1990களில் தொடங்கிய ஒரு முயற்சி இருக்கிறது, சிஎஸ் அன்பிளக்டு என்று பெயர். கணினி அறிவியலின் அடிப்படைகளைக் கணினியே இல்லாமல் அட்டை, கயிறு, சாக்பீஸ் வைத்துச் சொல்லிக்கொடுப்பது. எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது, எடுத்து மாற்றிக்கொள்ளலாம், தமிழில் எழுதிக்கொள்ளலாம். அதிலிருந்து எனக்குப் பிடித்த ஒன்றை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

பத்திரிகைகளைச் சம அளவுச் சதுரங்களாக 36 வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வண்ணம், மறுபக்கம் வெள்ளை என்று இருந்தால் போதும். (சீட்டுக்கட்டிலும் செய்யலாம். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் பிள்ளை கையில் சீட்டைக் கொடுத்தால் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும்.) பிள்ளையிடம் 25 அட்டைகளைக் கொடுத்து, ஐந்துக்கு ஐந்தாகத் தரையில் பரப்பச் சொல்லுங்கள், எது வண்ணம் எது வெள்ளை என்பது அவர்கள் இஷ்டம். பரப்பி முடித்ததும் "இது ரொம்பச் சுலபமா இருக்கே, இன்னும் கொஞ்சம் சேர்ப்போம்" என்று சொல்லி, வலப்பக்கம் ஒரு வரிசையும் கீழே ஒரு வரிசையும் நீங்கள் சேர்க்கிறீர்கள். பார்ப்பதற்குச் சும்மா வைப்பதுபோல இருக்க வேண்டும், ஆனால் சும்மா இல்லை. ஒவ்வொரு கிடை வரிசையிலும் ஒவ்வொரு நெடு வரிசையிலும் வண்ண அட்டைகள் இரட்டைப்படையில் வருமாறு பார்த்து வைக்கிறீர்கள். ஒரு வரிசையில் வண்ணமே இல்லை என்றால் அதுவும் சரிதான், பூஜ்யமும் இரட்டைப்படை. மூலையில் வரும் கடைசி அட்டையை எந்தப் பக்கமிருந்து எண்ணி வைத்தாலும் ஒரே விடைதான் வரும், பயம் வேண்டாம்.

இப்போது நீங்கள் திரும்பி நின்றுகொள்ளுங்கள். பிள்ளை ஏதாவது ஓர் அட்டையை மட்டும் புரட்டிப் போடட்டும். திரும்பிப் பார்த்து, எந்தக் கிடை வரிசையில் ஒற்றைப்படை, எந்த நெடு வரிசையில் ஒற்றைப்படை என்று மனதுக்குள் எண்ணி, இரண்டும் வெட்டும் இடத்தில் விரலை வையுங்கள். முதல் தடவை "நீங்க பார்த்துட்டீங்க" என்பார்கள். கண்ணைக் கட்டச் சொல்வார்கள், அறைக்கு வெளியே போகச் சொல்வார்கள். எல்லாம் செய்யுங்கள். எப்படி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொல்லத் துடிக்கும், நான் பார்த்தவரை பெரியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ரொம்பத் திணறினால் "நான் ஏன் கூடுதலா ரெண்டு வரிசை வெச்சேன்?" என்று ஒரு கேள்வி போதும். அதற்குப் பிறகும் பிடிபடவில்லையா, அட்டையைக் குறைத்து மூன்றுக்கு மூன்றாக வைத்து விளையாடுங்கள்.

ரகசியம் பிடிபட்டதும் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஆட்டமே அப்புறம்தான் ஆரம்பம். இரண்டு அட்டையைப் புரட்டினால் கண்டுபிடிக்க முடியுமா? ஒரே கிடை வரிசையில் இரண்டைப் புரட்டினால் அந்த வரிசை மறுபடி இரட்டைப்படையாகிவிடும், எந்த இரண்டு நெடு வரிசை என்று தெரியும், எந்தக் கிடை வரிசை என்று தெரியாது. தப்பு நடந்தது தெரிகிறது, இடம் தெரியவில்லை. "தப்பு இருக்கு" என்பதும் "தப்பு இங்கே இருக்கு" என்பதும் வேறு வேறு என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை தானாகப் பிரித்துப் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. அடுத்து, மந்திரவாதிக்கு, அதாவது கண்டுபிடிக்கிறவருக்கு, தெரியவே தெரியாமல் ஏமாற்ற வேண்டுமென்றால் குறைந்தது எத்தனை அட்டை புரட்ட வேண்டும்? விடை 4, ஒரு செவ்வகத்தின் நாலு மூலைகளில் இருப்பவை. இதை நீங்கள் சொல்லாதீர்கள். ஏமாற்ற வழி தேடச் சொன்னால் பிள்ளைகள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து யோசிப்பார்கள்.

கூடுதலாக ஒன்றை வைத்துத் தப்பைப் பிடிக்கும் இதே யோசனை வீட்டுக் கடைச் சாமானிலும் இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டில் பட்டைக்கோட்டுக்குக் கீழே 13 இலக்கம் இருக்கும், இந்தியாவில் பதிவு பெற்றதென்றால் 890 என்று தொடங்கும். இடமிருந்து முதல் 12 இலக்கங்களை மாறி மாறி 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால், அந்தக் கூட்டலை அடுத்த பத்தின் மடங்குக்குக் கொண்டுபோகத் தேவையான எண்தான் 13ஆவது இலக்கம். பழகிப் பார்க்க 890123456789 என்று வைத்துக்கொள்வோம்: 8+27+0+3+2+9+4+15+6+21+8+27, மொத்தம் 130, ஏற்கெனவே பத்தின் மடங்கு, ஆகவே கடைசி இலக்கம் 0. அடுக்களையில் இருக்கும் பாக்கெட்டை எல்லாம் எடுத்துவந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளை என்றால் இன்னொன்றும் கேட்கலாம்: பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதிவிட்டால் இது எப்போதும் கண்டுபிடிக்குமா? இல்லை, 1ம் 6ம் போல ஐந்து வித்தியாசம் உள்ளவை மாறினால் தப்பித்துவிடும். ஏன் என்பதை அவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம் புதிர்கள்

இப்போது போனை எடுக்கலாம். சைமன் டாத்தம் என்ற இங்கிலாந்து நிரலர் எழுதிய புதிர்த் தொகுப்பு ஒன்று, பெயரே அவர் பெயரில்தான் இருக்கும், பிளே ஸ்டோரிலும், கட்டற்ற ஆப்களுக்கான எஃப்-டிராய்டிலும் கிடைக்கும், கணினி உலாவியிலும் ஓடும். நாற்பது வகைப் புதிர்கள், அலங்காரம் துளிகூடக் கிடையாது, பார்த்தால் ஏதோ பழைய கால்குலேட்டர் மாதிரி இருக்கும். அந்த வறட்சிதான் எனக்குப் பிடித்தது, கவனம் சிதற ஒன்றுமே இல்லை.

இதில் மைன்ஸ் என்று இருப்பது நம் பழைய விண்டோஸ் கண்ணிவெடி விளையாட்டுதான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். விண்டோஸில் இருந்ததில் சில இடங்களில் குருட்டாம்போக்கில் அழுத்தித்தான் ஆக வேண்டும். இதில் முதல் தொடுதலுக்குப் பிறகு ஊகமே தேவைப்படாதபடி ஒவ்வொரு பலகையையும் சோதித்துத்தான் கொடுக்கிறது. அதாவது "வேற வழி இல்ல, சும்மா அழுத்தினேன்" என்ற சாக்கு இங்கே செல்லாது. எங்கோ ஒரு கட்டம் நிச்சயம் பாதுகாப்பானது, அதற்குக் காரணமும் பலகையிலேயே இருக்கிறது.

ஓர் உதாரணம். ஒரு கட்டத்தில் தெரியும் எண், அதைச் சுற்றித் தொடும் கட்டங்களில் எத்தனை வெடி என்று சொல்வது. பலகையின் சுவர் ஓரமாகத் திறந்த ஒரு வரிசை, சுவரிலிருந்து 1, 1 என்று இரண்டு எண்கள், அவற்றுக்கு மேல் மட்டும் திறக்காத கட்டங்கள். சுவரை ஒட்டிய 1 தொடுவது மேலே உள்ள முதல் இரண்டு கட்டங்களை மட்டும். அந்த இரண்டில் ஒன்றில் வெடி. அடுத்த 1 தொடுவது அதே இரண்டையும் மூன்றாவதையும். அதன் கணக்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது, ஆக மூன்றாவது கட்டம் பாதுகாப்பு. வெடி முதலிலா இரண்டாவதிலா என்று தெரியாமலே மூன்றாவதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிகிறது பாருங்கள், "ஒன்று தெரியாவிட்டாலும் இன்னொன்று தெரியும்" என்ற இந்த இடத்தில் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். விதி இங்கேயும் அதே: ஏன் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். வெடித்துவிட்டால் பின்னோக்கிச் செல்லும் பொத்தானை அழுத்தித் தொடரலாம், ஆட்டம் முடிந்துவிடாது, ஆனால் எத்தனை முறை செத்தாய் என்று கீழே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பயமுறுத்தாமல் நேர்மையாக வைத்திருக்கும் ஏற்பாடு.

சின்னப் பிள்ளைகள், அஞ்சு ஆறு வயது என்றால் இதெல்லாம் வேண்டாம், ஜிகாம்பிரி போடுங்கள். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய மென்பொருள், இப்போது கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் குடும்பத்தில் இருக்கிறது, 2 முதல் 10 வயதுக்கு நூற்றுக்கும் மேல் செயல்பாடுகள். எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன், பாதி வெறும் எழுத்து, எண் பயிற்சிதான். அதில் ஹனோய் கோபுரம், வண்ண வரிசையைத் துப்பறியும் சூப்பர் பிரெய்ன், தராசு இந்த மூன்றையும் தேடி எடுங்கள். ஹனோய் கோபுரம் என்பது, பெரிய தட்டைச் சின்னதன் மேல் வைக்காமல், தட்டுகளை ஒவ்வொன்றாக இன்னொரு கம்பத்துக்கு மாற்றுவது. அதில் மூன்று தட்டுக்குக் குறைந்தது 7 நகர்த்தல், நாலுக்கு 15. ஐந்துக்கு எத்தனை என்று விளையாடிப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

ஆமை

நிரல் எழுதுவதற்கு வந்தால், எல்லோரும் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்சில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். நான் ஆமையைத்தான் சொல்வேன். 1967ல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபொயர்சைக் மூவரும் அமெரிக்காவில் பிள்ளைகளுக்காக உருவாக்கிய லோகோ நிரல்மொழியின் ஆமை இது, சொன்னபடி நகர்ந்து கோடு வரையும். முதலில் வந்த ஆமைகள் தரையில் ஊர்ந்த ரோபோக்கள், திரைக்குள் போனது பிறகு. லிப்ரேஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலகத் தொகுப்பு உங்கள் கணினியில் இருந்தால், அதில் கட்டுரை எழுதும் ரைட்டருக்குள்ளேயே லோகோ கருவிப்பட்டை ஒளிந்திருக்கிறது, காட்சிப் பட்டியில் போய்த் தேடினால் வரும். லினக்ஸ் என்றால் கேடர்ட்டில் என்ற மென்பொருள். பைத்தான் நிரல்மொழி இருந்தால் அதிலும் ஓர் ஆமை உண்டு. அரசு கொடுத்த இலவச மடிக்கணினி பேட்டரி செத்து அலமாரி மேல் கிடக்கிறதா, சார்ஜரைச் செருகிவைத்துக்கொண்டே இதை எல்லாம் ஓட்டலாம், அதற்கு இதுவே அதிகம்.

100 முன்னே போ, வலப்பக்கம் 90 திரும்பு, இதை 4 முறை செய். சதுரம். எல்லாப் பிள்ளைக்கும் வந்துவிடும். இப்போது சமபக்க முக்கோணம் போடச் சொல்லுங்கள். பள்ளியில் படித்த பிள்ளை தயங்காமல் 60 என்பார்கள், முக்கோணத்தின் கோணம் 60தானே. "சரி, என்ன வரும்னு நினைக்கிறே, முதல்ல பேப்பர்ல வரை" என்று வரைய வைத்துவிட்டு ஓடவிடுங்கள். மூன்று கோடு வரும், மூடாது, ஒரு கிண்ணம் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பாதி அறுகோணம் அது.

இந்த நேரத்தில் கணினியை மூடிவிட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போங்கள். சாக்பீஸால் பெரிய முக்கோணம் வரைந்து, கோட்டின் மேல் நடக்கச் சொல்லுங்கள். மூலைக்கு வந்ததும் நேராகப் பார்த்து நிற்கட்டும், அடுத்த கோட்டைப் பார்க்க எவ்வளவு திரும்ப வேண்டும்? செங்கோணத்துக்கும் மேலே என்று உடம்புக்கே தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் கோணம் 60, திரும்ப வேண்டியது 120. அப்படியே முழுக்க ஒரு சுற்று நடந்து முடித்ததும் ஆரம்பித்த திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஆக மொத்தத் திருப்பம் 360. இது கிடைத்துவிட்டால் ஐங்கோணத்துக்கு 72 என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். உடனே 144 போட்டு 5 முறை ஓடவிட்டால் என்ன வரும் என்று கேளுங்கள். நட்சத்திரம். 5 முறை 144 என்றால் 720, இரண்டு முழுச் சுற்று.

ஸ்கிராட்ச், இன்னும் சில

ஸ்கிராட்ச் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு உருவாக்கி 2007ல் வெளியிட்டது, கட்டைகளை அடுக்கி நிரல் எழுதலாம், இணையம் இல்லாமல் ஓடும் பதிப்பும் உண்டு. எனக்கு அதில் ஒரு கவலை, பிள்ளைகள் திரையில் வரும் பூனைக்குச் சட்டை மாற்றுவதிலும் சத்தம் சேர்ப்பதிலுமே நேரத்தைக் கழித்துவிடுவார்கள். அதுவும் தப்பில்லை, நாம் வந்த வேலை அது இல்லை, அவ்வளவுதான். அதனால் அலங்காரத்துக்குத் தனி நேரம், யோசிக்கத் தனி நேரம் என்று பிரித்துவிடுங்கள்.

தர்க்கம் பழக அதில் நல்ல இடம் பச்சை நிறக் கட்டைகள், ஆண்ட் (இரண்டும்), ஆர் (ஏதாவது ஒன்று), நாட் (இல்லை) மூன்றும். பூனை நடமாடும் மேடையில் அது எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் எக்ஸ், நடுவிலிருந்து இடப்பக்கம் -240, வலப்பக்கம் 240 வரை போகும். பூனை இரண்டு ஓரத்துக்கும் போகாமல், எந்தப் பக்கத்தில் 200ஐத் தாண்டினாலும் நிற்க வேண்டும் என்று ஒரு வேலை கொடுங்கள். "ரெண்டு பக்கமும் நிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, எக்ஸ் 200க்கு மேல் ஆண்ட் எக்ஸ் -200க்குக் கீழ் என்று போடுவார்கள். பூனை நிற்கவே நிற்காது. ஒரே நேரத்தில் ஒரு பூனை இரண்டு ஓரத்திலும் இருக்க முடியுமா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே மாற்றிவிடுவார்கள். பேச்சில் நாம் "ம்" போடுகிற இடத்தில் எல்லாம் நிரலில் ஆண்ட் வராது, சில நேரம் ஆர்தான் வேண்டும். இதைப் பெரியவர்களே இன்றைக்கும் விரிதாளில் தப்பாகப் போடுகிறார்கள்.

ஆங்கிலம் தடையாக இருக்கிற பிள்ளைக்கு எழில் ஒரு வழி. முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி, இதுவும் கட்டற்ற மென்பொருள். இப்படி இருக்கும்:

வயது = 12
@( வயது >= 18 ) ஆனால்
    பதிப்பி "ஓட்டுப் போடலாம்"
இல்லை
    பதிப்பி "இன்னும் பொறு"
முடி

வயதை 18 என்று மாற்றினால் எது வரும், சமக்குறியை எடுத்துவிட்டால் எது வரும் என்று கேட்டுவிட்டு ஓடவிடுங்கள். எல்லையில் இருக்கும் எண்ணைக் கேட்பது நல்ல பழக்கம், தப்புகள் அங்கேதான் குடியிருக்கும்.

நடைமுறையில் சில

மவுஸை நீங்கள் தொடாதீர்கள். கை அரிக்கும், இருந்தாலும் தொடாதீர்கள். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவர் வாயால் சொல்ல வேண்டும், இன்னொருவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும். அக்கா சொல்லித் தம்பி செய்வதில் சண்டை வரத்தான் செய்யும். "நீ ஒழுங்கா சொல்லலை" என்ற அந்தச் சண்டை பயனுள்ள சண்டை, கொஞ்ச நேரம் விடுங்கள்.

ஒரு பழைய நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் நினைத்தது, வலப்பக்கம் நடந்தது என்று எழுத வையுங்கள். எழுதப் பிடிக்காத பிள்ளை படம் வரையட்டும். "தெரியலை" என்று மட்டும் சொல்லும் பிள்ளையிடம் "இடப்பக்கம் போகுமா வலப்பக்கம் போகுமா" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள், ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள், அப்புறம் ஏன் என்று தொடரலாம். டக்கென்று விடை சொல்லும் பிள்ளைக்குப் பாராட்டு போதாது, "இது பொய்யாகிற மாதிரி ஒரு உதாரணம் கண்டுபிடி பார்ப்போம்" என்று அனுப்புங்கள். ஒரு நாளைக்கு அரைமணி நேரம் தாராளம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்தினால் மறுநாள் அவர்களே நோட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

பள்ளியில் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் பக்கத்தில் கேரளத்தைப் பார்க்கலாம். அங்கே பள்ளிகளின் தொழில்நுட்பத்தைப் பார்த்துக்கொள்ளும் அரசின் கைட் நிறுவனம் பள்ளிக் கணினிகளை லினக்ஸில் ஓட்டுகிறது, லிட்டில் கைட்ஸ் என்ற பெயரில் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் மன்றங்களும் நடத்துகிறது. நம் வகுப்பில் ஒரே ஒரு கணினிதான் என்றாலும் அட்டை வேலையும் மாடி வேலையும் நாற்பது பிள்ளைகளுக்கும் நடக்கும், கணினிக்கு முறை வைத்து அனுப்பலாம்.

கடைசியாக, போர்டு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு. நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகைகளைத்தான் போர்டு என்கிறார்கள். அவற்றில் ஆர்டுயினோ, மைக்ரோபிட் இரண்டும் நல்லவைதான், அவசரம் இல்லை. மைக்ரோபிட்டுக்கு மேக்கோட் என்ற தளத்தில் உலாவியிலேயே போலிப் போர்டு ஒன்று ஓடும், ஐந்துக்கு ஐந்து விளக்குகள், இரண்டு பொத்தான்கள், குலுக்குவதற்குக்கூட வழி உண்டு. ஏ பொத்தானை அழுத்தினால் மேல் வரிசை எரிய வேண்டும், பி அழுத்தினால் அணைய வேண்டும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் என்ன ஆக வேண்டும் என்று பிள்ளையிடமே முடிவெடுக்கச் சொல்லுங்கள். அதைத் திரையில் செய்து முடித்து, நோட்டில் எழுதியதும் நடந்ததும் ஒத்துப்போன பிறகு, அப்போதும் ஆசை இருந்தால் ஒரு போர்டு வாங்குங்கள். யூஎஸ்பி ஒயர் தரவு கடத்துகிற ஒயரா என்று பார்த்து வாங்குங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் ஒயரைச் செருகினால் போர்டில் விளக்கு எரியும், ஆனால் போர்டு இருப்பதே கணினிக்குத் தெரியாது.